தங்கையின் பாட்டில் அக்காவின் குரல்

கனடியப் பாடகி கேட் மெக்காரிகிலின் பாட்டொன்றில், ஊர் திரும்பும் ஒரு பெண் அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறாள். நேராக அனுப்பவில்லை. சகோதரியிடம் சொல்லி, அவள் வழியாக அம்மா காதில் போடச் சொல்கிறாள். தனியாக வருகிறேன் என்பதுதான் செய்தி. அந்தத் 'தனியாக'வுக்குள் ஒரு மணவாழ்க்கை முறிந்த கதை முழுக்க இருக்கிறது. அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. அக்கா என்றால் நேரம் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்வாள். எந்த ஊரிலும் கெட்ட செய்தி வீட்டுக்குள் இந்த வழியாகத்தான் நுழைகிறது. கேட் அதை ஒரு பாட்டின் தொடக்கமாக வைத்தார் என்பதிலேயே அவருடைய கூர்மை தெரிந்துவிடுகிறது. வேறொருவர் எழுதியிருந்தால் முறிவைப் பற்றி எழுதியிருப்பார். இவர் முறிவைத் தெரிவிக்கும் முறையைப் பற்றி எழுதினார்.

பாட்டின் பெயர் 'டெல் மை சிஸ்டர்'. 1976-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'கேட் அண்ட் அன்னா மெக்காரிகில்' என்ற முதல் இசைத்தட்டில் அது இருக்கிறது. கேட்டுக்கு ஜேன், அன்னா என்று இரண்டு அக்காக்கள். செய்தியைச் சுமக்க வேண்டிய அக்கா யாரென்று பாட்டு சொல்வதில்லை. ஆனால் தட்டின் பெயரில் அன்னா இருக்கிறார். கேட்பவர் மனம் அங்கேதான் போகும்.

அடுத்த ஆண்டே பதில் வந்துவிட்டது. 1977-இல் வெளியான 'டான்சர் வித் ப்ரூஸ்ட் நீஸ்' என்ற இரண்டாவது தட்டில் அன்னா எழுதிய 'கிட்டி கம் ஹோம்' இருக்கிறது. கிட்டி என்பது கேட்தான். பாடகர் லவுடன் வெய்ன்ரைட்டோடு கேட் நடத்திய குடித்தனம் குலைந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்கு வந்துவிடு, இங்கே ஒன்றும் மாறவில்லை என்று அன்னா அழைக்கிறார். அழைப்பில் அறிவுரை இல்லை, நான் அப்போதே சொன்னேனே என்ற குத்தலும் இல்லை. வீடு, மரம், பறவை, சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். மெட்டு தேவாலயப் பாட்டைப் போல நிதானமாக ஏறி இறங்குகிறது. அழைக்கிறவரின் பெயரும் அழைக்கப்படுகிறவரின் பெயரும் ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருப்பதுதான் எனக்கு இதில் தீராத வியப்பு. இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை ஊரறியப் பாடுகிறார்கள். ஆனாலும் அது அம்பலமாகத் தோன்றுவதில்லை. காரணம் அவர்கள் பாடும் விதம்.

நம் காது இதற்குச் சற்றுப் பழக வேண்டும். சூலமங்கலம் சகோதரிகள் பாடும்போது இரண்டு குரலும் ஒரே சுரத்தில், ஒரே பாதையில் போகின்றன. இரண்டு பேர் என்பதை மறந்துவிடுகிறோம். மறக்க வைப்பதுதான் அங்கே அழகு. மெக்காரிகில் சகோதரிகளின் மரபில் குரல்கள் பிரிந்துதான் நடக்கும். ஒருவர் சட்ஜத்தில் நின்றால் மற்றவர் காந்தாரத்தில் நிற்பார். முதல்வர் இறங்கும்போது இரண்டாமவரும் கூடவே இறங்கலாம், இறங்காமல் நின்றும் விடலாம். அந்த இடைவெளி எங்கே விரிகிறது, எங்கே குறுகுகிறது என்று பின்தொடர்வதில்தான் சுவை. இணைக்குரல் பாடுகிறவர் கதை சொல்வதில்லை. கதை சொல்கிறவரின் பக்கத்தில் நிற்கிறார்.

உடன்பிறந்தவர்களுக்கு இது எளிது என்பார்கள். தொண்டையும் அண்ணமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரே சமையலறையில் பேசக் கற்றதால் உயிரெழுத்துகளை ஒரே அளவில் திறப்பார்கள், ஒரே அளவில் மூடுவார்கள். எவர்லி சகோதரர்களின் பதிவுகளில் இரண்டு குரலும் தாழ்ப்பாள் போட்டதுபோல் பொருந்திக்கொள்வது அதனால்தான். மெக்காரிகில்களிடம் அந்தத் தாழ்ப்பாள் முழுக்க விழுவதில்லை. கேட்டின் குரலில் ஒரு கூர்மை உண்டு. மூக்கோடு சேர்ந்து வரும், சில இடங்களில் கீறும். அன்னாவின் குரல் மெலிந்தது, மூச்சுக் கலந்தது, சபைக்கு நடுவே வந்து நிற்கக் கூச்சப்படுவது போன்றது. இரண்டும் ஒரே சொல்லில் இறங்கும்போது மயிரிழை முன்னே பின்னே விழும். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் குறை சொல்லலாம். அந்த மயிரிழையால்தான் அங்கே இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஒருத்தியின் துயரத்தை மற்றவள் தன் துயரமாக்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்று தன் மூச்சில் தான் பாடுகிறாள். ஆறுதலாகத் தோளில் கை வைப்பதைவிட இது பெரிய காரியம்.

கியூபெக் மாநிலத்தில் மாண்ட்ரியலுக்கு வடக்கே லொரென்டியன் மலைப்பகுதியில் சென்-சோவர் என்ற ஊர். பனிச்சறுக்கு விளையாட ஆட்கள் வரும் ஊர், பிரெஞ்சு பேசும் ஊர். அங்கே ஐரிஷ் வம்சத்துத் தந்தைக்கும் பிரெஞ்சு-கனடிய வேருள்ள தாய்க்கும் மகள்களாக இவர்கள் வளர்ந்தார்கள். அன்னா பிறந்தது 1944-இல், கேட் 1946-இல். வீட்டில் பியானோ இருந்தது. ஊர்க் கன்னியாஸ்திரிகள் அதை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். முறையில்லாமல் கற்றுக்கொடுக்க வீடே இருந்தது: மாலையில் பியானோவைச் சுற்றி நின்று, ஸ்டீபன் ஃபாஸ்டர் காலத்துப் பழைய பாட்டுகளை, ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொண்டு பாடுவது. முதலில் வரும் குழந்தை மெட்டை எடுத்துக்கொள்ளும், பிந்தி வருவது மிச்சமுள்ள குரலைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கடைக்குட்டிக்கு இந்தத் தேடல் எவ்வளவு பெரிய பயிற்சி என்று யோசித்துப் பாருங்கள்.

மாண்ட்ரியலுக்குப் போய் கேட் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். அன்னா நுண்கலைப் பள்ளியில் ஓவியம் படித்தார். 1960-களின் காப்பிக் கடைகளில் 'மவுண்டன் சிட்டி ஃபோர்' என்ற நால்வர் குழுவில் இருவரும் பாடினார்கள். கேட் பிறகு ரோமா பாரன் என்ற தோழியோடு நியூயார்க் போனார். ப்ளூஸும் பழைய நாட்டுப்புறப் பாட்டும் கலந்து பாடினார். கிட்டார், பாஞ்சோ, பியானோ எது கையில் கிடைத்தாலும் வாசிப்பார். அன்னா பொத்தான் அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொண்டால் கியூபெக் கிராமத்துத் திருவிழா அறைக்குள் வந்துவிடும். ப்ளூஸின் ஆன்ம நெருக்கம் ஒரு பக்கம், ஐரிஷ்–பிரெஞ்சு நாட்டுப்பாடல் மறு பக்கம். எதையும் இவர்கள் கொள்கையாகச் சொல்லி இணைக்கவில்லை. முதல் தட்டிலேயே 'ப்ளூஸ் இன் டி' என்ற பாட்டும், 'டிராவலிங் ஆன் ஃபார் ஜீசஸ்' என்ற மரபான பக்திப் பாட்டும், பிரெஞ்சுப் பாட்டொன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தார்கள், தட்டிலும் அப்படியே பாடிவிட்டார்கள்.

அன்னா முதன்முதலில் எழுதிய பாட்டு 'ஹார்ட் லைக் எ வீல்'. முதல் பாட்டா இது என்று வாயடைத்துப் போகும்படியானது. இதயத்தைச் சக்கரத்தோடு ஒப்பிடுகிறார். உடைந்த இதயம் என்பது ஊரெல்லாம் பாடித் தேய்ந்த சொல். சக்கரம் உடைவதில்லை, கோணிக்கொள்கிறது. கோணலான சக்கரம் உருளவும் உருளும், ஆனால் நேராக ஓடாது, அதை நிமிர்த்தவும் முடியாது. முறிந்த காதலுக்குப் பின்னும் மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தள்ளாடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இந்த ஓர் உவமை சொல்லிவிடுகிறது. ஒரு முழு நாவல் பேச வேண்டியதை, மிதிவண்டி ஓட்டத் தெரிந்த யாருக்கும் புரியும் பொருளில் வைத்துவிட்டார். பிறகு கடலுக்கும் மூழ்கும் கப்பலுக்கும் பாட்டு தாவுகிறது. அந்தத் தாவல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுவதுண்டு. மெட்டுதான் அதைக் காப்பாற்றுகிறது.

லிண்டா ரான்ஸ்டட் இந்தப் பாட்டைக் கேட்ட கதையை அவரே சொல்லியிருக்கிறார்: நியூயார்க்கில் ஒரு டாக்சியில் பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் அதன் முதற்பகுதியைப் பாடிக் காட்டினாராம். 1974-இல் ரான்ஸ்டட் தன் தட்டுக்கே அந்தப் பாட்டின் பெயரை வைத்தார். தட்டு 1975 தொடக்கத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது. ஆக, எழுதியவர் குரலில் உலகம் கேட்பதற்கு முன்பே பாட்டு புகழ்பெற்றுவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரு நல்ல பாடம். ரான்ஸ்டட்டுடையது பெரிய குரல். ஒவ்வொரு சொல்லையும் முழுதாக நிரப்பி, துயரத்துக்கு மாளிகை கட்டுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சகோதரிகள் பதிவில் பாஞ்சோவும் ஆர்கனும் போல எளிய துணைகள்தான். அன்னா உச்சத்தில் குரலைப் பெரிதாக்குவதில்லை. அழுத்த வேண்டிய சொல்லுக்கு வரும்போது சற்றே பின்வாங்குகிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பாவனை அது. மாளிகையைப் பார்த்து வியந்து வந்த பிறகும், குடியிருக்க எனக்கு இந்தச் சின்ன வீடுதான் பிடித்திருக்கிறது.

முதல் தட்டை ஜோ பாய்டும் கிரெக் ப்ரெஸ்டோபினோவும் தயாரித்தார்கள். நிக் டிரேக்கையும் ஃபேர்போர்ட் கன்வென்ஷனையும் பதிவு செய்த பாய்டுக்கு, நாணமுள்ள குரலை எப்படி நடத்துவது என்று தெரியும். லிட்டில் ஃபீட்டின் லோவல் ஜார்ஜ், ரோலிங் ஸ்டோன்ஸோடு வாசித்த சாக்ஸபோன்காரர் பாபி கீஸ், டிரம்ஸுக்கு ஸ்டீவ் காட், பேஸுக்கு டோனி லெவின் என்று அன்றைக்குக் கிடைக்கக்கூடிய தேர்ந்த கைகள் வந்து வாசித்தன. ஆனால் கூடத்தில் இத்தனை பேர் இருந்தும் முன்னால் நிற்பவை இரண்டு குரல்களும் ஒன்றிரண்டு மரவாத்தியங்களும்தான். முதல் பாட்டான 'கிஸ் அண்ட் சே குட்பை'யில் சாக்ஸபோன் துள்ளி நுழையும்போதுகூட, கேட் தன் அடுக்களைக் குரலை மாற்றிக்கொள்வதில்லை. ஸ்டுடியோ இவர்கள் வீட்டுக்கு வந்ததே ஒழிய, இவர்கள் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை.

'டாக் டு மீ ஆஃப் மெண்டசினோ'வைப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து விடைபெற்று, நாட்டின் குறுக்கே மேற்காகப் போய், கலிஃபோர்னியக் கடற்கரையின் செம்மரக் காடுகள் வரை நீளும் பயணம். பாட்டின் நுட்பம் அதன் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெண் மெண்டசினோவைப் பற்றிப் பாடவில்லை, எனக்கு அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். சொல்லக் கேட்டு மனதுக்குள் கட்டிய ஊர் அது. அதனால் கண் கூசும் வருணனை ஏதும் இல்லை, ஊர்ப்பெயர்களும் திசையும் மட்டுமே. பியானோவின் இடக்கைச் சுரங்கள் வண்டி மெதுவாகச் சமவெளியைக் கடப்பதுபோல் நகர்கின்றன. மேற்கே போகப் போக மெட்டு உயர்கிறது. அவள் போய்ச் சேர்ந்தாளா? பாட்டு அதைத் தெளிவாக்குவதில்லை. தெளிவாக்காமல் விட்டதற்காக நான் கேட்டுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

'கோ லீவ்' வேறு விதம். அதில் சகோதரி இல்லை, வாத்தியக்காரர்கள் இல்லை. கேட், ஒரு கிட்டார். வேறொருத்தியிடம் போகிறவனை, போ என்று சொல்லும் பாட்டு. சொல்லும்போதே போகாதே என்பதும் கேட்கிறது. பதிவின்போது கண்ணீர்த் துளியொன்று கிட்டார் பலகையில் விழுந்த ஓசை கேட்கிறது என்று ஒரு கதை உலவுகிறது. இருக்கலாம். நான் அதைத் தேடிக் கேட்பதில்லை. அதைவிட, ஒவ்வொரு அடிக்கும் பின் கிட்டார் தனியே நடக்கும் சில நொடிகள்தான் என்னைப் பிடிக்கின்றன. மற்றப் பாட்டுகளில் இணைக்குரல் வந்து நிரப்பும் இடங்கள் அவை. இங்கே யாரும் வரவில்லை. இருவர் பாடும் தட்டில் ஒருவரை மட்டும் தனியே விட்டதே ஒரு வாக்கியம்போல் பொருள் தருகிறது.

இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' இதழ் அந்தத் தட்டை 1976-இன் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தது. தட்டு வந்ததுமே ஊர் ஊராகப் போய்ப் பாடி விற்றிருக்க வேண்டும். கேட் அப்போது மார்த்தாவைக் கருவில் சுமந்துகொண்டிருந்தார். மூத்தவன் ரூஃபஸுக்கு இரண்டு வயது. இசைத்தொழிலின் கணக்குப்படி இது நேரம் தவறிய காரியம். அவர்கள் கணக்கு வேறு. கேட் மாண்ட்ரியலுக்கே திரும்பிப் பிள்ளைகளை அங்கே வளர்த்தார். அந்தப் பிள்ளைகள் இருவரும் இன்று பேர் பெற்ற பாடகர்கள். 1998-இல் 'தி மெக்காரிகில் ஹவர்' என்று குடும்பமே கூடிப் பாடிய தட்டில், பிரிந்துபோன லவுடனும் வந்து பாடினார். பழைய பியானோவைச் சுற்றி ஆளுக்கொரு குரல் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது; இப்போது கடைக்குட்டிகள் வேறு.

பிரெஞ்சுப் பாட்டு என்று சொன்னேனே, அது 'கொம்ப்ளேன்த் பூர் சென்த் கத்ரின்'. அன்னாவும் கவிஞர் ஃபிலிப் ததார்ஷெஃபும் சேர்ந்து எழுதியது. சென்த் கத்ரின் மாண்ட்ரியலின் கடைவீதி. குளிர்காலத்தில் அந்தத் தெருவில் நடக்கும் ஒருத்தி சுரங்க ரயில் நிலையத்தின் வெதுவெதுப்பில் ஒதுங்குகிறாள். உறைநிலைக்கு முப்பது பாகை கீழே போகும்போது கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ள யாருக்குப் பொறுமை? ஏட்டு பிரெஞ்சு அல்ல, தெருவில் புழங்கும் கியூபெக் பிரெஞ்சு. பெயரில் புலம்பல், தாளத்திலோ ஆட்டம். பாதிக் கேலி, பாதி வலி என்று கலந்த இந்தத் தொனி அந்த நகரத்துக்கே உரியது. கியூபெக் தேசியவாதிகளின் கட்சி முதன்முதலாக ஆட்சிக்கு வந்ததும் அதே 1976-இல்தான். மொழி அரசியல் கொதித்த நேரத்தில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பெண்கள் அந்தத் தெருப் பிரெஞ்சில் சிரித்துக்கொண்டே பாடினார்கள்.

சிரிப்பைச் சொல்லாமல் இவர்களைச் சொல்லி முடியாது. மூன்றாவது தட்டான 'ப்ராண்டோ மாண்டோ'வில் (1978) கேட் எழுதிய ஒரு காதல் பாட்டு இருக்கிறது. நாயகனும் நாயகியும் அணுக்கள். குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான். எட்டு ஆக ஒன்று குறைகிறது. சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று. அதை யாரிடமாவது தள்ளிவிட்டால் நிம்மதி. இரண்டும் சந்திக்கின்றன. பிறகென்ன, உப்பு! பாட்டின் பெயர் உப்பின் ரசாயனக் குறியீடேதான். பழைய மேடைக் காதல் பாட்டின் மெட்டில், துளியும் கண்ணடிக்காமல் பாடுகிறார்கள். மெக்கில் படிப்பு வீணாகவில்லை. பாட்டைக் கேட்ட பிறகு சோற்றில் உப்புப் போடும்போது ஒரு கலியாணத்தைத் தூவுகிறோம் என்ற நினைப்பு வராமல் போவதில்லை. அறிவியலும் பிழையில்லை. காதலைப் பற்றியும் பிழையாக ஒன்றும் சொல்லிவிடவில்லை: ஒருவரிடம் குறைவது, மற்றவரிடம் கூடுவது.

ஆனால் கேட்டின் ஆகச் சிறந்த எழுத்து எதுவென்று கேட்டால் நான் 1990-இன் 'ஹார்ட்பீட்ஸ் ஆக்சிலரேட்டிங்' தட்டிலிருக்கும் 'ஐ ஈட் டின்னர்' என்பேன். நடுவயதுப் பெண் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறாள். மெழுகுவர்த்தி வெளிச்சமெல்லாம் போய்விட்டது, சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்கு. மீந்துபோன உணவு, மசித்த உருளைக்கிழங்கு. நரைத்த முடி. அவ்வளவுதான் பொருட்பட்டியல். பாட்டில் 'தனிமை' என்ற சொல்லைத் தேட வேண்டாம், உருளைக்கிழங்கே போதும். பசி தீர்ந்தபின் உண்பது என்ற ஒரு குறிப்பு பாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் பசி என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருள் நகர்கிறது. முதல்முறை வயிறு என்று நினைக்கிறோம். மூன்றாம் முறை அப்படி நினைக்க முடியாது. மெட்டிலும் ஆடம்பரம் இல்லை, தட்டை அலம்பிக்கொண்டே முணுமுணுக்கக்கூடிய மெட்டு. காதல் முறிவைப் பாட ஆயிரம் பேர் உண்டு. முறிந்து பதினைந்து வருடம் ஆன பிறகு செவ்வாய்க்கிழமை இரவு எப்படி இருக்கும் என்று பாட யார் இருக்கிறார்கள்?

1996-இன் 'மத்தபேதியா'வில் வேறொரு திறப்பு. கேட்டை இளவயதில் அறிந்திருந்த ஒருவர், அவருடைய பதின்வயது மகளைப் பார்க்கிறார். ஒரு கணம் அவருக்கு அது மகளாகத் தெரியவில்லை. முப்பதாண்டு முந்திய கேட்டே எதிரில் நிற்கிறாள். பாட்டு அந்தக் கணத்திலிருந்து பாய்ந்து, கியூபெக்கின் கிழக்கே மத்தபேதியா ஆற்றோரம் காரில் விரைந்த பழைய நாளுக்குப் போகிறது. மூச்சுவிடாமல், சொல்லுக்குமேல் சொல் விழப் பாடுகிறார்கள். நினைவு இப்படித்தான் வருகிறது. வரிசையில் நின்று வருவதில்லை. அதே தட்டில் அன்னா எழுதிய 'கோயிங் பேக் டு ஹார்லன்' இதற்கு நேர்மாறாக நிதானமானது. அதை முந்திய ஆண்டே எம்மிலூ ஹாரிஸ் 'ரெக்கிங் பால்' தட்டில் பாடிப் பரப்பியிருந்தார். அக்காவின் பாட்டை மற்றவர்கள் முதலில் பாடிவிடுவது இங்கேயும் நடந்தது!

2009 டிசம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் குடும்பமாகக் கிறிஸ்துமஸ் கச்சேரி. புற்றுநோய் முற்றியிருந்த கேட் அங்கே 'ப்ரோசெர்பினா' என்ற புதிய பாட்டைப் பாடினார். பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட மகளைத் தாய் அழைக்கும் பழைய ரோமக் கதை. மகள் இல்லாததால் பூமியைப் பசுமையற்றதாக்கிவிடும் தாயின் கோபமும் அதில் உண்டு. ஒரே பெயரை, ஒரே அழைப்பை, சற்றே மாறும் சுரங்களில் மறுபடி மறுபடி. 2010 ஜனவரி 18-இல் கேட் இறந்தார். மார்த்தா 2012-இல் அந்தப் பாட்டைப் பதிவு செய்தார். தட்டுக்கும் அந்த அழைப்பிலிருந்தே பெயர் வைத்தார். அழைக்கப்பட வேண்டிய மகளே அழைக்கும் தாயின் சொற்களைப் பாடுகிறார். அந்தப் பதிவு அழகானது, செம்மையானது. என் ஓட்டு தாயின் கரகரத்த மேடைப் பதிவுக்குத்தான். அதில் கோபம் இன்னும் சூடாக இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகு, கனடாவில் பெரும்பாலோருக்கு இந்தக் குரல்கள் எதனால் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். துயரப் பாட்டு எதனாலும் அல்ல. 1979-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் ஜான் வெல்டன் இயக்கத்தில் மூன்று நிமிடச் சித்திரப்படம் ஒன்றை எடுத்தது: 'லாக் டிரைவர்ஸ் வால்ட்ஸ்'. பாட்டை எழுதியவர் வேட் ஹெம்ஸ்வொர்த். அவர் ரயில்வேயில் வரைவாளர், மிகக் குறைவாகவே எழுதியவர். இவர்களின் முதல் தட்டிலுள்ள 'ஃபூலிஷ் யூ'வும் அவருடையதுதான். வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, மிதக்கும் மரங்கள் மேலேயே நடந்து ஆலை வரை ஓட்டிச் செல்லும் தொழிலாளர்கள் அந்நாட்டில் இருந்தார்கள். உருளும் மரத்தின் மேல் கால் நிலைக்க வேண்டுமானால் பாதம் ஓயாமல் அடிவைக்க வேண்டும். அப்படிப் பழகிய கால்காரன்தான் நடன அரங்கில் ஒப்பற்ற ஜோடி என்று ஒரு பெண் பாடுகிறாள். வைத்தியர், வக்கீல் வரன்கள் வந்தாலும் அவளுக்கு வேண்டாம்.

படம் பழைய கறுப்பு வெள்ளை ஆவணக் காட்சியில் தொடங்குகிறது. உண்மையான ஆட்கள், உண்மையான ஆறு. பிறகு அவர்கள் கோட்டுச் சித்திரமாகி ஆடத் தொடங்குகிறார்கள். மவுண்டன் சிட்டி ஃபோரின் பழைய தோழர்கள் உடன்பாட, சகோதரிகளின் குரல் மூன்றடித் தாளத்தில் சுழல்கிறது. முதல் அடி அழுந்தி, அடுத்த இரண்டும் மிதந்து விழும்போது, காலடியில் மரம் உருள்வதைக் காது உணர்கிறது. தொழிலின் அசைவிலிருந்தே தாளத்தை எடுத்திருக்கிறார் ஹெம்ஸ்வொர்த்; சகோதரிகள் அதை அழுத்திக் காட்டவில்லை, அதன் மேல் நடந்துபோகிறார்கள். பல்லவி திரும்பி வரும்போது மேலே ஏறிக்கொள்ளும் அந்த இணைக்குரலை மட்டும் தனியே பிடித்துக் கேட்டுப் பாருங்கள். மெட்டு தெரிந்தவர்கள் மெட்டைத்தான் பாடுவார்கள். அங்கே ஒருவர் மட்டும், சிறுவயதில் பியானோ அருகே மிச்சமிருந்த இடத்தில் நின்று பழகியவரைப்போல, மெட்டுக்கு வெளியே சௌகரியமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்.